501-ஐ முடிப்பது எப்படி: டார்ட்ஸில் புள்ளிக் கணக்கும் கடைசி டபுளும்

501 என்ற டார்ட்ஸ் ஆட்டத்தில் அடித்த புள்ளியை 501-இலிருந்து கழித்துக்கொண்டே வந்து சரியாகப் பூஜ்யத்தில் முடிக்க வேண்டும். ஆடத் தொடங்கும் பெரும்பாலோருக்கு 501-இலிருந்து 40 வரை இறங்குவதில் பெரிய சிக்கல் இருக்காது. அந்த 40-இல் வந்துதான் ஆட்டம் நின்றுபோகும். எதிராளி 200-இலிருந்து நிதானமாக வந்து முந்திவிட்டுப் போவார்.

இதன் செலவை டார்ட் எண்ணிக்கையில் பாருங்கள். ஒரு சுற்றுக்கு, அதாவது மூன்று டார்ட்டுக்கு, சராசரியாக 60 புள்ளி எடுப்பவர் 461 புள்ளியைக் கழிக்க ஏறக்குறைய 23 டார்ட் ஆகும். மீதமுள்ள 40-ஐ முடிக்க 12 டார்ட் பிடித்தால் மொத்தம் 35. கடும் பயிற்சி செய்து சராசரியை 70 ஆக்கினால் மிச்சமாவது மூன்று டார்ட்தான். முடிக்கும் செலவை 12-இலிருந்து 6 ஆக்கினால் மிச்சம் ஆறு. கை சுத்தமாவதற்கு மாதங்கள் ஆகலாம், ஆனால் எந்த எண்ணை மிச்சம் வைப்பது என்பதைச் சில வாரங்களில் பழகிவிடலாம்.

கீழே உள்ளவை எல்லாம் 501, எந்தக் கட்டத்தில் அடித்தும் தொடங்கலாம், டபுளில்தான் முடிக்க வேண்டும் என்ற வழக்கமான ஆட்டத்துக்கு. ‘புல்’ என்றால் நடுவில் உள்ள 50. அதைச் சுற்றிய 25-ஐ ‘வெளி புல்’ என்கிறேன். போர்டின் வெளி விளிம்பிலுள்ள குறுகிய வளையம் ‘டபுள்’, அங்கே எண்ணின் இரு மடங்கு. உள்ளே இருக்கும் குறுகிய வளையம் ‘ட்ரிபிள்’, அங்கே மும்மடங்கு. எண்ணின் மற்ற இடமெல்லாம் ‘சிங்கிள்’.

1. முதலில் அளவும் தாளும்

போர்டின் நடுப்புள்ளி தரையிலிருந்து 1.73 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். எறியும் கோடு போர்டின் முகத்திலிருந்து 2.37 மீட்டர். இங்கேதான் பலர் தவறுகிறார்கள்: சுவரிலிருந்து அளந்துவிடுகிறார்கள். போர்டின் தடிமன் சேராமல் போவதால், வீட்டில் பழகிய தூரமும் போட்டியில் நிற்கும் தூரமும் வேறாகிவிடும். சரிபார்க்க எளிய வழி: புல்லின் நடுவிலிருந்து கோட்டுக்கு ஒரு நூலைச் சாய்வாகப் பிடியுங்கள். 2.93 மீட்டர் வர வேண்டும்.

அடுத்தது புள்ளித்தாள். ஆளுக்கு இரண்டு பத்திகள் போதும்: அந்தச் சுற்றில் அடித்தது, கழித்தபின் பாக்கி. பாக்கியை மட்டும் எழுதி அடித்ததை விட்டுவிட்டால் கழித்தலில் நேர்ந்த பிழையைப் பின்னால் கண்டுபிடிக்கவே முடியாது. புள்ளி எழுதி முடியும்வரை டார்ட்டைப் பிடுங்காதீர்கள். குத்தாமல் தெறித்துக் கீழே விழுந்த டார்ட்டுக்குப் புள்ளி கிடையாது, அதை மறுபடி எறியவும் முடியாது.

போட்டியில் புள்ளி எழுதுபவரிடம் ‘எவ்வளவு அடித்தேன்?’, ‘எவ்வளவு பாக்கி?’ என்று கேட்கலாம். எந்த டபுள் வேண்டும் என்று அவர் சொல்லக்கூடாது. ஆகவே முடிக்கும் கணக்கு உங்கள் தலையில் இருந்தாக வேண்டும்.

மூன்றாவது, உங்கள் கையால் எழுதிய முடிப்பு அட்டை. அச்சடித்த பட்டியல்கள் எங்கும் கிடைக்கும், அவற்றை அப்படியே மனப்பாடம் செய்யாதீர்கள். அவை எல்லா டார்ட்டும் சரியாக விழும் என்று வைத்துக்கொண்டு எழுதப்பட்டவை. உங்கள் அட்டையில் மூன்று பத்திகள் வேண்டும்: பாக்கி, முதல் டார்ட் எங்கே, அது தவறினால் என்ன மிச்சம். மூன்றாவது பத்திக்காகத்தான் இந்த அட்டையே.

2. பஸ்ட் ஆவதற்கு மூன்று வழிகள்

பாக்கியைவிட அதிகமாக அடித்தால் பஸ்ட். சரியாக 1 மிச்சம் வந்தால் பஸ்ட், ஏனென்றால் மிகச் சிறிய டபுளே 2. பூஜ்யம் வந்தும் கடைசி டார்ட் டபுளில் இல்லையென்றால் அதுவும் பஸ்ட். மூன்றில் எது நடந்தாலும் அந்தச் சுற்று தொடங்கியபோது இருந்த பாக்கிக்கே திரும்பிப் போவீர்கள், கையில் மிச்சமிருக்கும் டார்ட்டையும் எறிய முடியாது.

புதியவர்கள் அடிக்கடி மாட்டும் இடம் 16 பாக்கி. வேண்டியது டபுள் 8. போர்டில் 8-க்குக் கீழே ஒட்டியிருப்பது 16. டார்ட் கொஞ்சம் கீழே சரிந்து சிங்கிள் 16-இல் குத்தினால் பூஜ்யம் வந்துவிடும், ஆனால் டபுள் இல்லை. கை முழுக்க வீண். மேலே சரிந்தால் 11, மிச்சம் 5, அதிலிருந்து 1 அடித்து டபுள் 2-க்குப் போகலாம். எனவே டபுள் 8-க்கு எறியும்போது கட்டத்தின் மேல் பாதியைப் பாருங்கள்.

3. புள்ளி சேர்க்க எங்கே குறிவைப்பது

எல்லோரும் ட்ரிபிள் 20-க்கு எறிகிறார்கள் என்பதற்காக நீங்களும் அங்கேதான் எறிய வேண்டும் என்றில்லை. 20-க்கு இருபுறமும் 5, 1. தொடக்கநிலை ஆட்டக்காரர்களின் தாளில் 26 என்ற எண் திரும்பத் திரும்ப வருவது இதனால்தான்: 20, 5, 1. ஒரு துண்டையும் அதன் இரு பக்கத்துத் துண்டுகளையும் சேர்த்துச் சராசரி பார்த்தால் 20-இன் பக்கம் 8.67. 19-க்கு இருபுறமும் 3, 7, சராசரி 9.67. 14-க்கு இருபுறமும் 11, 9, சராசரி 11.33. குறி சிதறும் கைக்கு போர்டின் இடப்பக்கம் தயவு காட்டுகிறது.

இதை 2011-இல் ராயல் ஸ்டாட்டிஸ்டிக்கல் சொசைட்டியின் ஆய்விதழில் வந்த ஒரு கட்டுரை கணக்கிட்டே காட்டியது. உங்கள் எறியின் திட்ட விலக்கம், அதாவது டார்ட்டுகள் குறியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவு, சுமார் 16.4 மி.மீ.க்குள் இருந்தால் ட்ரிபிள் 20 லாபம். அதைத் தாண்டினால் ட்ரிபிள் 19. இன்னும் சிதறச் சிதற, சிறந்த இடம் போர்டின் இடப்பக்கமாக நகர்ந்து கடைசியில் புல்லுக்குச் சற்று இடக்கீழே வந்து நிற்கிறது.

16.4 மி.மீ. என்பதை எப்படி அளப்பது? ஒரே குறிக்கு எறியும் டார்ட்டுகளில் ஏழுக்கு ஆறு, ஏறக்குறைய ஒரு டென்னிஸ் பந்து அளவு வட்டத்துக்குள் விழுந்தால் நீங்கள் அந்த எல்லையில் இருக்கிறீர்கள். அதைவிடப் பரவலாக விழுந்தால் ட்ரிபிள் 20 உங்களுக்கு இப்போதைக்கு நஷ்டக் கணக்கு.

அளப்பது சலிப்பாக இருந்தால் வேறு வழி: ட்ரிபிள் 20-க்கு 60 டார்ட், ட்ரிபிள் 19-க்கு 60, ட்ரிபிள் 14-க்கு 60 எறிந்து மூன்று மொத்தங்களையும் எழுதுங்கள். ஒரே நாளில் வேண்டாம், மூன்று நாள் பிரித்து எறியுங்கள். எது அதிகமோ அங்கேயே ஒரு மாதம் ஆடிவிட்டு மறுபடி அளவெடுங்கள். பெருமைக்காக 20-ஐப் பிடித்துக்கொண்டிருப்பதால் யாருக்கும் லாபமில்லை.

இன்னொன்று. முதல் டார்ட் ட்ரிபிள் 20-இன் வாயிலேயே குறுக்காக நின்று வழியை மறைத்தால் அதன்மேலேயே அடுத்ததை எறியாதீர்கள். 19-க்கு இறங்குங்கள். ட்ரிபிளுக்கு ட்ரிபிள் வித்தியாசம் மூன்றே புள்ளி.

4. 190-க்குக் கீழே வந்ததும் வேகத்தைக் குறையுங்கள்

மூன்று டார்ட்டில் முடிக்கக்கூடிய அதிகபட்சம் 170: ட்ரிபிள் 20, ட்ரிபிள் 20, புல். ஆனால் 170-க்குக் கீழுள்ள எல்லா எண்ணும் முடியாது. 169, 168, 166, 165, 163, 162, 159 ஆகிய ஏழும் மூன்று டார்ட்டில் முடிக்கவே முடியாதவை. இவற்றைப் போகி எண்கள் என்பார்கள். இதில் ஒன்றை மிச்சம் வைத்துவிட்டுத் திரும்பினால் அடுத்த சுற்றில் ஒரு வாய்ப்பை நீங்களே பூட்டிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

தவிர்ப்பது எளிது, ஆனால் கடைசி டார்ட் கையில் இருக்கும்போது நின்று ஒரு கணம் எண்ண வேண்டும். ஒரே டார்ட் மிச்சமிருக்கும்போது:

179, 183, 186, 189 பாக்கி என்றால் 19-க்கு எறியுங்கள். சிங்கிள் விழுந்தாலே முறையே 160, 164, 167, 170 மிச்சமாகும். எல்லாமே முடியக்கூடியவை.

182, 185, 188 பாக்கி என்றால் 18-க்கு எறியுங்கள். மிச்சம் 164, 167, 170. இந்த மூன்றிலும் 20 அடித்தாலும் போகி, 19 அடித்தாலும் போகி.

180, 181, 184, 187, 190 என்றால் வழக்கம்போல 20.

உதாரணத்துக்கு 219 பாக்கியில் நிற்கிறீர்கள். முதல் இரண்டு டார்ட்டும் சிங்கிள் 20. இப்போது 179. பழக்கதோஷத்தில் மூன்றாவதையும் 20-க்கு எறிந்தால் 159, போகி. 19-இல் போட்டால் 160, அதாவது இரண்டு ட்ரிபிள் 20-உம் ஒரு டபுள் 20-உம். புதியவர் 160-ஐ முடிக்கப்போவது அரிது என்பது உண்மைதான். ஆனால் 19-க்கு எறிவதால் எந்தக் கூடுதல் செலவும் இல்லை, கணக்குப் போடும் பழக்கமும் இங்கேயே படிந்துவிடும்.

5. எந்த டபுளுக்கு வந்து சேர்வது

டபுள் 16-க்குத்தான் முதல் மரியாதை. காரணம் பாதியாக்கும் கணக்கு. 32 பாக்கியில் டபுள் 16-க்கு எறிந்து கொஞ்சம் உள்ளே விழுந்தால் சிங்கிள் 16, மிச்சம் 16, அடுத்தது டபுள் 8. அதுவும் உள்ளே விழுந்தால் டபுள் 4. பிறகு டபுள் 2, டபுள் 1. நான்கு முறை தவறினாலும் ஒவ்வொரு தடவையும் நேராக ஒரு டபுள் காத்திருக்கும். டபுள் 20-இல் இந்தச் சங்கிலி 20, 10, 5 என்று மூன்றாவதிலேயே ஒற்றைப்படைக்கு வந்து அறுந்துவிடும். 36-இல் டபுள் 18, டபுள் 9, அவ்வளவுதான். 24-இல் டபுள் 12, 6, 3 என்று போகும்.

ஒற்றைப்படை டபுள்கள் கஞ்சத்தனமானவை. 38-இல் டபுள் 19-க்கு எறிந்து உள்ளே விழுந்தால் 19 மிச்சம், அதைச் சரிசெய்யவே ஒரு டார்ட் போய்விடும். 38, 34, 26, 14 போன்றவற்றில் மாட்டிக்கொண்டால் கம்பிக்கு வெளியே தவறுவது பரவாயில்லை, உள்ளே தவறக்கூடாது என்று குறியைச் சற்று வெளியே தள்ளிவையுங்கள். வெளியே போன டார்ட்டால் பாக்கி மாறாது.

இன்னொரு கோணம் அதிகம் பேசப்படுவதில்லை. டபுள் கட்டம் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 52 மி.மீ. நீளம், 8 மி.மீ. அகலம். உச்சியில் இருக்கும் டபுள் 20-உம் அடியில் இருக்கும் டபுள் 3-உம் படுத்த கட்டங்கள். வலக்கோடியில் டபுள் 6-உம் இடக்கோடியில் டபுள் 11-உம் நின்ற கட்டங்கள். உங்கள் டார்ட் பெரும்பாலும் மேலும் கீழுமாகச் சிதறுகிறதா? அப்படியானால் உங்களுக்கு டபுள் 20-ஐவிட டபுள் 6, டபுள் 10, டபுள் 8 பக்கம் வசதி. இடமும் வலமுமாகச் சிதறினால் டபுள் 20. ஒரு நாள் 50 டார்ட்டின் தடத்தைக் குறித்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

6. 60-க்குக் கீழே: பக்கத்து வீட்டைப் பார்த்து எறிவது

41 முதல் 60 வரை எந்த எண்ணையும் ஒரு சிங்கிள், ஒரு டபுள் என்று முடிக்கலாம். ‘60 என்றால் 20, டபுள் 20’ என்பது யாருக்கும் தெரியும். சிங்கிளே தவறினால் என்ன என்பதில்தான் ஆட்டம் இருக்கிறது.

போர்டை உற்றுப் பாருங்கள். இரட்டைப்படை எண்கள் அடுத்தடுத்து இருப்பது மூன்றே இடத்தில்: 6-உம் 10-உம், 16-உம் 8-உம், 18-உம் 4-உம். பாக்கி இரட்டைப்படை என்றால் இந்த மூன்று ஜோடிகளில் ஒன்றைத் தேடுங்கள்.

48 பாக்கி: 16-க்கு எறியுங்கள். விழுந்தால் 32. பக்கத்து 8-இல் விழுந்தால் 40. இரண்டுமே நல்ல டபுள்.

46 பாக்கி: 6-க்கும் 10-க்கும் இடைப்பட்ட கம்பியைப் பார்த்து எறியுங்கள். 6 என்றால் 40, 10 என்றால் 36.

42 பாக்கி: அதே கம்பி. 10 என்றால் 32, 6 என்றால் 36.

44 பாக்கி: 4 என்றால் 40. பக்கத்து 18-இல் விழுந்தால் 26, டபுள் 13. அழகில்லை, ஆனாலும் டபுள்.

பாக்கி ஒற்றைப்படை என்றால் போர்டின் அடிப்பக்கம். 17, 3, 19, 7 என்று நான்கு ஒற்றைப்படை எண்கள் வரிசையாக இருக்கும் ஒரே இடம் அதுதான். ஒற்றைப்படையிலிருந்து ஒற்றைப்படையைக் கழித்தால் இரட்டைப்படைதான் வரும், ஆகவே அங்கே எதில் விழுந்தாலும் டபுள் கணக்கு அமைந்துவிடும்.

35 பாக்கியைப் பாருங்கள். 3-க்கு எறிகிறீர்கள். 3 என்றால் 32, இடப்பக்கம் 19-இல் சரிந்தால் 16, வலப்பக்கம் 17-இல் சரிந்தால் 18. மூன்றும் டபுள். 43 பாக்கியில் அதே 3: விழுந்தால் 40, 19 என்றால் 24, 17 என்றால் 26. 39 பாக்கியில் 7-க்கும் 19-க்கும் நடுக்கம்பி: 7 என்றால் 32, 19 என்றால் 20.

இதற்கு மாறாக 37-இல் பட்டியல் சொல்வது 5, டபுள் 16. 5-க்கு இருபுறமும் 20, 12. தவறினால் மிச்சம் 17 அல்லது 25, இரண்டும் ஒற்றைப்படை. அதே 37-இல் 19-க்கு எறிந்தால் 18 மிச்சம், பக்கத்து 3 என்றால் 34, 7 என்றால் 30. கை உறுதியானவருக்கு 5, சிதறும் கைக்கு 19. உங்கள் அட்டை அச்சு அட்டையிலிருந்து விலகுவது இப்படிப்பட்ட இடங்களில்தான்.

7. 61 முதல் 100 வரை

99-ஐத் தவிர இந்த எல்லா எண்களையும் இரண்டே டார்ட்டில் முடிக்க முடியும். 99-க்கு மட்டும் மூன்று வேண்டும்: ட்ரிபிள் 19, 10, டபுள் 16. முதல் டார்ட் ட்ரிபிளில் விழும் என்று நம்பித் திட்டம் போடாதீர்கள். சிங்கிளில் விழுந்தால் அடுத்த டார்ட்டுக்கு என்ன இருக்கிறது என்று பார்த்து வழியைத் தேர்ந்தெடுங்கள்.

64: ட்ரிபிள் 16, டபுள் 8. சிங்கிள் 16 என்றால் 48 மிச்சம், மறுபடி அதே 16, பிறகு டபுள் 16. கண்ணை நகர்த்தவே வேண்டாம்.

68: ட்ரிபிள் 20, டபுள் 4. சிங்கிள் என்றால் 48.

72: ட்ரிபிள் 16, டபுள் 12. சிங்கிள் என்றால் 56: 16, டபுள் 20.

76: ட்ரிபிள் 20, டபுள் 8. சிங்கிள் என்றால் அதே 56.

71: ட்ரிபிள் 13, டபுள் 16. சிங்கிள் என்றால் 58: 18, டபுள் 20.

80-க்கு ட்ரிபிள் 20, டபுள் 10. சிங்கிள் என்றால் 60. 92-க்கு ட்ரிபிள் 20, டபுள் 16. 89-க்கு ட்ரிபிள் 19, டபுள் 16. 97-க்கு ட்ரிபிள் 19, டபுள் 20. 100-க்கு ட்ரிபிள் 20, டபுள் 20. இந்த ஐந்தும் அடிக்கடி வரும், இவற்றை மட்டும் மனப்பாடம் செய்தாலும் தப்பில்லை.

80-க்கு மேலே 82, 83, 85 வரும்போது மூன்று டார்ட்டும் கையில் இருந்தால் முதல் டார்ட்டைப் புல்லுக்கு எறிவதில் ஒரு சூட்சுமம் உண்டு. 85-ஐ எடுத்துக்கொள்வோம். பட்டியல் சொல்வது ட்ரிபிள் 15, டபுள் 20. ட்ரிபிள் தவறி சிங்கிள் 15 விழுந்தால் 70 மிச்சம், பெரும்பாலும் மறுபடி ஒரு ட்ரிபிள் வேண்டும். அதற்குப் பதில் புல்லைப் பார்த்து எறிந்தால்: 50 விழுந்தால் 35 மிச்சம், 3, டபுள் 16. வெளி புல் 25 விழுந்தால் 60 மிச்சம், 20, டபுள் 20. இரண்டு வழியிலும் ட்ரிபிளே தேவையில்லை, மூன்றாவது டார்ட் டபுளுக்கு நிச்சயம் கிடைக்கும். 82-இல் 50 என்றால் 32, 25 என்றால் 57. வெளி புல்லின் விட்டம் 31.8 மி.மீ., எட்டு மி.மீ. ட்ரிபிளைவிடக் கருணையானது.

இரண்டு டார்ட் மட்டும் இருக்கும்போது 61-உம் 65-உம் வெளி புல்லுக்கு ஏற்றவை: 25 போனால் முறையே 36, 40.

8. 101-க்கு மேலே

இங்கே நீட்டிப் பேச ஒன்றுமில்லை. 101, 104, 107, 110 ஆகிய நான்கை மட்டும் இரண்டு டார்ட்டில் முடிக்கலாம்: முறையே ட்ரிபிள் 17, 18, 19, 20, பிறகு புல். 161, 164, 167, 170 நான்கும் புல்லில்தான் முடியும். மற்றவற்றில் புதியவருக்கு நல்ல சுற்று என்றால் 60-க்குக் கீழே ஒரு இரட்டைப்படை எண்ணில் வந்து நிற்பது, முடிந்தால் 32 அல்லது 40.

ஒரு எண்ணை மட்டும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்: 121. ட்ரிபிள் 20-க்கு எறிந்து சிங்கிள் விழுந்தால் 101, ட்ரிபிள் 17-உம் புல்லும் வேண்டும். முதல் டார்ட்டையே புல்லுக்கு எறிந்தால் 25 விழுந்தாலும் 96 மிச்சம், ட்ரிபிள் 20, டபுள் 18 என்று போகலாம். 50 விழுந்தால் 71. கஷ்டமான புல்லை முதலில் வைத்துக்கொண்டு டபுளைக் கடைசிக்கு விடுவதுதான் இதில் உள்ள தந்திரம். 125-க்கும் இதே வழி: 25, ட்ரிபிள் 20, டபுள் 20.

9. எதிராளியின் தாளைப் பார்த்து முடிவெடுங்கள்

கையில் ஒரே டார்ட், பாக்கி 50. புல்லுக்கு எறிவதா, 10 அடித்து 40-ஐ வைத்துவிட்டு வருவதா?

புல்லின் பரப்பு ஏறக்குறைய 127 சதுர மி.மீ. ஒரு ட்ரிபிள் கட்டம் சுமார் 259. டபுள் கட்டம் சுமார் 417. அதாவது டபுள், புல்லைப் போல மூன்று மடங்குக்கும் மேல். எதிராளி 200-க்கு மேலே இருந்தால் அவரால் அடுத்த சுற்றில் முடிக்கவே முடியாது. அப்போது 10-ஐ அடித்துவிட்டு, அடுத்த சுற்றில் மூன்று டார்ட்டோடு டபுள் 20-க்கு வாருங்கள். 10-க்குப் பதில் பக்கத்து 6-இல் விழுந்தாலும் 44 மிச்சம், கெட்டுப்போகவில்லை. 18 அடித்தால் 32 வரும், உங்களுக்கு டபுள் 16 பிடிக்குமென்றால் அதுவும் சரியே.

எதிராளி 40-இலோ 32-இலோ நின்றால் கதை வேறு. திரும்பி வர உங்களுக்கு வாய்ப்பே இல்லாமல் போகலாம். யோசிக்காமல் புல்லுக்கு எறியுங்கள்.

எதிராளி 100-இலிருந்து 170-க்குள் இருந்தால் அவர் கையைப் பொறுத்தது. அன்றைய ஆட்டத்தில் அவர் எத்தனை ட்ரிபிள் அடித்தார் என்று தாளிலேயே தெரியும். 100-க்கு மேற்பட்ட சுற்று ஒன்றுகூட இல்லை என்றால் அவசரப்பட வேண்டாம்.

10. பயிற்சி: நாளுக்கு நாற்பது நிமிடம்

முதல் பத்து நிமிடம் நீங்கள் தேர்ந்தெடுத்த ட்ரிபிளுக்கு மட்டும். எண்ண வேண்டாம், கை சூடாகட்டும்.

அடுத்த பதினைந்து நிமிடம் 27-இல் தொடங்கும் டபுள் பயிற்சி. டபுள் 1-க்கு மூன்று டார்ட். விழும் ஒவ்வொன்றுக்கும் 2 கூட்டுங்கள். மூன்றும் தவறினால் 2 கழியுங்கள். டபுள் 2-க்கு மூன்று டார்ட், கூட்டுவதும் கழிப்பதும் 4. இப்படி டபுள் 20 வரை, கடைசியில் புல்லுக்கு. பூஜ்யத்துக்குக் கீழே போனால் ஆட்டம் முடிந்தது. ஆரம்பத்தில் டபுள் 6, 7-இலேயே முடிந்துபோகும், அதற்காக மனம் தளர வேண்டாம். எந்த டபுளில் திரும்பத் திரும்ப மூன்றும் தவறுகின்றன என்பதைக் குறித்துவையுங்கள்.

கடைசிப் பதினைந்து நிமிடம் 41 முதல் 60 வரையுள்ள எண்களைச் சீட்டில் எழுதிக் குலுக்கி எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஆறு டார்ட். எறியும் முன் வாய்விட்டுச் சொல்லுங்கள்: ‘48. 16 போனால் 32, 8 போனால் 40.’ கூச்சமாக இருந்தாலும் சொல்லுங்கள். போட்டியின் பரபரப்பில் கணக்கு மறந்துபோகும்போது இந்த வாய்ப்பாடுதான் கைகொடுக்கும்.

ஆட்டம் முடிந்ததும் தாளில் இரண்டு எண்களை எழுதுங்கள்: மொத்த டார்ட், டபுளுக்கு எறிந்த டார்ட். முடித்த ஆட்டத்தின் சராசரிக்கு 501-ஐ மொத்த டார்ட்டால் வகுத்து மூன்றால் பெருக்க வேண்டும். 30 டார்ட் என்றால் 50.1. டபுள் கணக்கில் மூன்றாவது டார்ட்டை எறியாமலே பஸ்ட் ஆன சுற்றுகளைத் தனியாகக் குறியுங்கள். பத்து ஆட்டத்தில் அப்படி நான்கைந்து இருந்தால் பிரச்சினை கையில் இல்லை, முதல் டார்ட்டுக்குப் பிறகு பாக்கியைத் திரும்ப எண்ணாமல் இரண்டாவதை எறிகிறீர்கள். அதற்கு மருந்து, முதல் டார்ட் விழுந்ததும் அடுத்த டார்ட்டை மற்றக் கையிலிருந்து எடுக்கும் முன் புதிய பாக்கியை மனத்துக்குள் சொல்வது. இரண்டு நொடிக்கு மேல் ஆகாது.